கை மாறாத சாவி

கார் சாவிதான். நீங்கள் சரியாகத்தான் கேட்டீர்கள். காரை வீட்டில் நிறுத்திவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் திரும்பி வருகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் பார்த்ததில்லை. இன்றைக்கு நானே அப்படி வருகிறேன்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரோடு பேசி எத்தனையோ வருஷம் ஆகிறது. நீங்கள் எழுந்து சன்னல் ஓரத்தை எனக்குக் கொடுத்தீர்கள், அதனால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சங்கரன்கோவிலில்தானே இறங்குகிறீர்கள்? இப்போதுதான் மானூர் தாண்டுகிறது. ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது. சொல்லி முடித்துவிடலாம்.

என் பெயர் கோமதிநாயகம். புளியங்குடி. எலுமிச்சை மண்டியில் காய் எண்ணுகிற வேலை. இப்போதெல்லாம் மூட்டையைத் தூக்கித் தராசில் வைத்துவிடுகிறார்கள். அப்போது எண்ணிக்கைதான். ஒரு கைக்கு ஐந்து காய், இரண்டு கைக்குப் பத்து. வியாபாரி ஒரு பக்கம் பேசுவான், விவசாயி ஒரு பக்கம் பேசுவான், நான் காதில் எதையும் வாங்காமல் எண்ணிக்கொண்டிருப்பேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் எண்ணினால் தப்பாது. அதை ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம்.

எனக்குத் தம்பி ஒருவன், சங்கரலிங்கம். என்னைவிட ஆறு வயது இளையவன். அவனைத்தான் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வருகிறேன்.

அப்பா இறந்தபிறகு பாகப்பிரிவினை நடந்தது. வீட்டுக்கு நடுவில் சுவர் எடுத்தோம். எனக்கு மேற்குப் பக்கம், அவனுக்குக் கிழக்குப் பக்கம். தோட்டத்தைக் கயிறு பிடித்து அளந்து வரப்புப் போட்டோம். கிணற்றுக்கு முறை வைத்தோம், உனக்கு நாலு நாள், எனக்கு நாலு நாள் என்று. எல்லாம் சரியாகப் பிரிந்தது. கடைசியில் அப்பா வாங்கிய வெள்ளைக் கார் மிஞ்சியது. அதை வெட்ட முடியாது. விற்கவும் இரண்டு பேருக்கும் மனம் இல்லை. மத்தியஸ்தத்துக்கு வந்த மண்டிக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "கிணத்துக்கு வச்ச மாதிரி காருக்கும் முறை வச்சிருவோம். ஆளுக்குப் பத்து நாளு." அவர் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்திரத்தில் எழுதச் சொன்னேன்.

எழுதும்போது நான் ஒன்றைக் கவனித்தேன். கிணற்றில் கயிறு இருக்கிறது. யார் கையில் கயிறோ அவர் முறை. காருக்கு என்ன? அதனால் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். சாவி கை மாறும்போதுதான் முறை மாறும். எழுதியவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். தம்பி கையெழுத்துப் போட்டான். அவன் எப்போதுமே அப்படித்தான். நான் சொன்னால் சரி என்பான்.

பதினோரு வருஷம் இரண்டு நாள் அது ஒழுங்காக நடந்தது. பத்து நாளைக்கு ஒருதடவை, காலை ஆறு மணிக்கு. என் முறை முடிந்தால் நான் அவன் வாசலுக்குப் போவேன். அவன் முறை முடிந்தால் அவன் என் வாசலுக்கு வருவான். ஒரு நாள் தவறியதில்லை. என் வீட்டுக்காரி இறந்த மறுவாரமும் முறை மாறியது. அன்றைக்கு வந்து நின்றுகொண்டு, "வேணும்னா ரெண்டு நாள் போகட்டும்ணே" என்றான். முறையை எதற்குக் கெடுக்க வேண்டும் என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

பேச்சு என்று பார்த்தால் மூன்று வார்த்தை. "பெட்ரோல் பாதி இருக்குண்ணே." "டயரு நாலும் சரியா இருக்கு." "வரட்டாண்ணே." நான் சரி என்பேன். அவ்வளவுதான். எங்களுக்குள் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். பேச்சை நிறுத்தவும் இல்லை. முறைக்கு மேல் பேச எதுவும் இல்லை, அவ்வளவுதான். எனக்குப் பிள்ளை கிடையாது. அவனுக்கு ஒரே மகள், தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருமினால் எனக்குக் கேட்கும். நான் இருமினால் அவனுக்கும் கேட்டிருக்கும்.

காரை நான் அதிகமாக எடுப்பதில்லை. எங்கே போக? என் பத்து நாளில் ஒருதடவை சங்கரன்கோவில் வரை போய், கோயில் வாசலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்புவேன். மற்ற ஒன்பது நாளும் துடைப்பேன். ஆனால் ஒரு காரியம் தவறாமல் செய்வேன். என் முறை தொடங்குகிற அன்று சாவி போடுகிற துவாரத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். ஒரே சொட்டு. ஈர்க்குச்சியில் தொட்டு விடுவேன். மண்டிக் கதவின் பூட்டுக்கு அப்படித்தான் செய்வோம், பூட்டு வெண்ணெய் மாதிரித் திறக்கும். தம்பி ஒருநாளாவது அப்படிச் செய்திருப்பானா? மாட்டான். பொருள்மேல் அக்கறை வேண்டும் அல்லவா.

டிக்கெட் பார்க்க வருகிறார். உங்களுடையதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது.

நானூற்று இரண்டு முறை முடிந்தது. இருநூற்று ஒன்று எனக்கு, இருநூற்று ஒன்று அவனுக்கு. ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நானூற்று மூன்றாவது என்னுடையது. அன்றைக்குக் காலை ஐந்தே முக்காலுக்குக் குளித்துச் சட்டை போட்டு வாசலில் நின்றேன். ஆறு மணிக்கு அவன் வந்தான். கை வெறுங்கை.

"அண்ணே, சாவி வரமாட்டேங்கு."

"வரமாட்டேங்குன்னா?"

"போட்ட இடத்துலயே மாட்டிக்கிட்டு. நேத்து சாயங்காலத்துல இருந்து பாக்கேன். திருகுது, ஆனா வெளிய வரமாட்டேங்கு."

போய்ப் பார்த்தேன். உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமா? தெரியாதா? பரவாயில்லை. சாவியைத் திருப்பினால் வண்டி ஓடும். பின்னால் திருப்பினால் நிற்கும். இன்னும் ஒரு கட்டம் பின்னால் போனால்தான் சாவி விடுபடும். அந்தக் கடைசிக் கட்டத்துக்குத்தான் அது போகவில்லை. அமுக்கித் திருப்பினேன். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன், வலது பக்கம் ஒடித்தேன். பதினான்கு தடவை முயற்சி செய்தேன். பதினைந்தாவது தடவை பலமாக இழுத்தபோது அவன் என் தோளைத் தொட்டான். "இழுக்காதீங்கண்ணே, ஒடிஞ்சிரும்" என்றான். அவன் என்னைத் தொட்டு எவ்வளவோ காலம் ஆயிற்று. நான் கையை எடுத்துவிட்டேன்.

"சாவியோட அப்படியே எடுத்துக்கிடுங்க. உங்க முறைதானே" என்றான்.

"சாவி கை மாறாம முறை எப்படிடே மாறும்?"

"அப்ப என் முறையா?"

"உன் முறை நேத்தோட முடிஞ்சிட்டுல்லா?"

"அப்ப இப்ப யாரு முறைதாம்ணே?"

எதிர்வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டு நின்றவர் சிரித்துவிட்டார். "சாமி முறைன்னு வச்சுக்கிடுங்க" என்றார். அவருக்கு என்ன, சொல்லிவிடுவார். நான் பத்திரத்தை எடுத்து வந்து அந்த வரியைக் காட்டினேன். தம்பி கண்ணாடி இல்லாமல் வந்திருந்தான், படிக்க முடியவில்லை. "நீங்க சொன்னாச் சரிதாண்ணே" என்றான்.

சாவிக்காரரைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கூப்பிட்டிருக்கலாம். யார் கூப்பிடுவது? யார் முறையில் பழுதாகிறதோ அவர்தான் பழுது பார்க்க வேண்டும், அதுவும் பத்திரத்தில் இருக்கிறது. அவன் முறையில்தான் மாட்டியது, ஆகவே அவன்தான் கூப்பிட வேண்டும். அவனோ, "முறை முடிஞ்ச பிறகு உங்க வண்டியில நான் ஆள விட்டுக் கைவைக்கக் கூடாதுல்லாண்ணே, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்றான். என்ன வார்த்தை சொல்ல? நான் சொன்னால் முறை என்னுடையது என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மூன்றாம் நாள் டீக்கடையில் நான் ஒன்று சொன்னேன். அதை நான் சொல்லியிருக்க வேண்டாம் என்று எதிர்வீட்டுக்காரர் பிறகு சொன்னார். இருந்தாலும் நடந்ததைச் சொல்ல வேண்டும். "எம் முறையில மூணு நாளு போயிட்டு. வேணும்னே சாவிய வளைச்சுவிட்டு எம் நாளத் திருடுதான்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் தம்பி பின்னால் பால் தூக்கோடு நிற்கிறான்.

அவன் திரும்பி வீட்டுக்குப் போனான். காரின் முன்மூடியைத் திறந்து பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்தான். சாவி பாதியில் நின்றால் பேட்டரி இறங்கிவிடுமாம், அதற்காக. பிறகு கைகளைக் கழுவினான். சுவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நெடுநேரம் கழுவினான். அதன்பிறகு அவன் அந்தக் காரைத் தொடவில்லை. தெருவில் போகும்போதுகூட அந்தப் பக்கமாக நடக்காமல் சுற்றிப் போனான். கோபக்காரன் இல்லை அவன். கோபக்காரனாக இருந்தால் சத்தம் போட்டிருப்பான், நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், முடிந்திருக்கும்.

மேலும் ஆறு நாள் கார் யாருடையதும் இல்லாமல் நின்றது. மேலே வேப்பம்பழம் விழுந்து கிடந்தது. நான் துடைக்கவில்லை. என் முறை இல்லையே.

தேவர்குளம் வந்துவிட்டது. இங்கே ஐந்து நிமிடம் நிற்பான். தண்ணீர் வேண்டுமா? என்னிடம் இருக்கிறது.

ஒன்பதாம் நாள். காலை ஐந்து ஐம்பது. சட்டை போட்டுத் தயாராக இருந்தேன். முறை மாறுகிற நாள் இல்லைதான், ஆனாலும் அந்த ஒன்பது நாளும் ஐந்தே முக்காலுக்குச் சட்டை போட்டுவிடுவேன். சாவி வந்துவிட்டால் கொண்டு வருவான் அல்லவா. கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் தம்பி பெண்டாட்டி உலகம்மாள் நிற்கிறாள்.

எங்கள் வீட்டில் தம்பி பெண்டாட்டி, புருஷனுக்கு அண்ணன் எதிரில் வந்து நிற்பதில்லை. இருபத்தொன்பது வருஷமாக அவள் கதவுக்குப் பின்னால் இருந்துதான் பேசியிருக்கிறாள். ஒரு டம்ளர் தண்ணீர் என்றாலும் கீழே வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள், நான் எடுத்துக்கொள்வேன். அன்றைக்கு என் முகத்துக்கு நேராக நின்றாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"அத்தான், அவுக குளியலறையில விழுந்து கிடக்காக. வாய் கோணிட்டு. வலது கை விழுந்துட்டு. எப்ப விழுந்தாகன்னு தெரியல. காரை எடுங்க அத்தான்."

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. நீங்கள் அப்படி நினைத்துவிடக் கூடாது. நான் கேட்டது ஒரே கேள்வி.

"அவன் எடுக்கச் சொன்னானா?"

அவ்வளவுதான் கேட்டேன். முறை தீராத வண்டி. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தாராளமாக எடுத்திருப்பேன். அவள் என்னைப் பார்த்தாள். வாய் கோணியவன் எப்படிச் சொல்வான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. பிறகுதான் தோன்றியது. அதற்குள் அவள் தெருமுனைக்கு ஓடிவிட்டாள்.

ஆட்டோ வர இருபத்திரண்டு நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அவனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றும்போது நானும் கால் பக்கம் பிடித்தேன். கனமாக இருந்தான். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோ என்றார்கள். ஊரிலேயே ஆம்புலன்ஸுக்கு ஐம்பது நிமிடம் காத்திருந்தார்களாம். திருநெல்வேலி டாக்டர், ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் ஓர் ஊசி போட்டிருக்கலாம், கை திரும்பியிருக்கும் என்று சொன்னாராம். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பேட்டரி ஒயரை மாட்ட நான்கு நிமிடம் ஆகும். எங்கள் வாசலிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் ஒன்றரை மணி நேரம். எனக்கு எண்ணத் தெரியும் என்று சொன்னேன் அல்லவா. இந்த ஒரு கணக்கை மட்டும் நான் கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டி என்ன ஆகப்போகிறது?

அதன்பிறகு நான் சும்மா இருக்கவில்லை. முறை யாருடையதாக இருந்தாலும் போகட்டும் என்று நானே ஆள் அனுப்பிச் சாவிக்காரரை வரவழைத்தேன். அவன் முறையில் பழுதானதை நான் சரிசெய்தேன். இதை நான் யாரிடமும் சொல்லிக் காட்டவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

காதர் மைதீன் என்று பெயர். கடையநல்லூர்க்காரர். நேற்று பத்து மணிக்கு வந்தார். முதலில் சாவியைத் தொடவே இல்லை. முன்சக்கரத்தைப் பார்த்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியை ஐந்து திருகு கழற்றி எடுத்தார். டப்பாவிலிருந்து எதையோ பீய்ச்சினார். கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து டீ குடித்தார். நான், "வேலையைப் பாருங்க" என்றேன். "அந்த மருந்துதான் இப்ப வேலை பாக்கு, நான் பாக்கக் கூடாது அண்ணாச்சி" என்றார். பிறகு ஒரு கையால் ஸ்டியரிங்கை லேசாக அசைத்துக்கொண்டே இன்னொரு கையால் சாவியை, காயம்பட்ட விரலைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துத் திருப்பினார். மூன்றாம் தடவை டக் என்று ஒரு சத்தம். சாவி வந்துவிட்டது. மொத்தம் ஐம்பது நிமிடம்.

சாவி முழுக்கக் கருப்பாக, சாந்து பூசினமாதிரி இருந்தது. துணியில் துடைத்து மோந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, இதுல எண்ணெய் விட்டது யாரு?"

"நான்தான். முறைக்கு ஒரு சொட்டு."

"எத்தன வருஷமா?"

"பதினோரு வருஷம். இருநூத்தி ஒரு சொட்டு."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "தேங்காயெண்ணெயா? மயினி தலைக்குத் தேய்க்க வேண்டியத எல்லாம் இதுக்குத் தேய்ச்சிருக்கீகளே. எண்ணெயும் தூசியும் சேந்து உள்ள களி மாதிரி இறுகிக் கிடக்கு. ஒண்ணும் விடாம இருந்திருந்தாலே இன்னும் பத்து வருஷம் ஓடியிருக்கும். பென்சில் கரியத் தொட்டு வச்சாப் போதும்."

அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மண்டிப் பூட்டைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? நாற்பது வருஷம் எண்ணெய் விட்ட பூட்டு. அது எடை அதிகமான பூட்டு, அது வேறு என்கிறார். இருக்கட்டும். அவர் சொன்னது சரி என்றே வைத்துக்கொண்டாலும், மாட்டிக்கொண்டது அவன் முறையில்தானே. என் முறையில் மாட்டவில்லையே. நீங்கள் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்.

சாவியை அவர் என் கையில் கொடுக்க வந்தார். நான் வாங்கவில்லை. திண்ணையில் வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டேன். அவர் கையிலிருந்து வாங்கினால் எதில் சேர்த்தி என்று குழப்பம் வரும். "சாவிதான் வந்துட்டுல்லா, கார்லயே போயி தம்பியப் பாத்துட்டு வாங்களேன்" என்றார். "இன்னும் முறை மாறல" என்றேன். அவர் தன் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார்.

என் யோசனை இதுதான். சாவியைக் கொண்டுபோய் அவன் கையில் வைப்பது. அவன் அதை என்னிடம் கொடுப்பது. கொடுத்துவிட்டால் முறை என்னுடையது. பிறகு அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது, மறுபடி காட்டப் போகும்போது, கைக்குப் பயிற்சி கொடுக்கப் போகும்போது, எல்லாவற்றுக்கும் நானே காரில் கூட்டிக்கொண்டு போகலாம். அவன் முறை, என் முறை என்று பார்க்காமல் கூட்டிப் போயிருப்பேன். அதற்குத்தான் இன்று காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். இந்தப் பயணமெல்லாம் அதற்குத்தான்.

எட்டுக் கட்டில் உள்ள அறை. அவன் ஐந்தாவது கட்டில். மெலிந்துவிட்டான். உலகம்மாள் அவன் காதருகில் குனிந்து, "அத்தான் வந்திருக்காக" என்றாள். கண்ணைத் திறந்தான். பார்த்ததும் வாயை ஏதோ செய்தான். "ண்ணே" என்கிற மாதிரிக் கேட்டது. என்னைக் கண்டு அவனுக்குச் சந்தோஷம்தான். நான் அதைத் தப்பாகச் சொல்லமாட்டேன். சந்தோஷம்தான்.

நான் சாவியை எடுத்துக் காட்டினேன். "வந்துட்டுடே" என்றேன். அவன் வலது உள்ளங்கையில் வைத்தேன். விரல் மடங்கவில்லை. சாவி போர்வைமேல் வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தது. உலகம்மாள், "அந்தக் கை இல்ல அத்தான்" என்றாள்.

அப்போது அவன் இடது கையைக் கொண்டுவந்தான். போர்வையைத் தடவித் தடவிச் சாவியைக் கண்டுபிடித்தான். எடுத்துவிட்டான். எடுத்து எனக்கு முன்னால் நீட்டினான். மறுபடியும் "ண்ணே" என்றான்.

உங்கள் வீட்டில் எப்படியோ தெரியாது. எங்கள் வீட்டில் இடது கையால் எதையும் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. ஒருதடவை சின்ன வயதில் அவன் இடது கையால் அப்பாவுக்கு வெற்றிலை கொடுத்து அடி வாங்கினான். வெற்றிலைக்கே அப்படி. இது பதினோரு வருஷ முறை. நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. "வலது கைக்கு மாத்திக் கொடுடே. அவசரமில்ல, நான் நிக்கேன்" என்றுதான் சொன்னேன். அன்பாகத்தான் சொன்னேன்.

அவன் கையைக் கீழே போடவில்லை. நீட்டியபடியே வைத்திருந்தான். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். உலகம்மாள், "வாங்கிக்கிடுங்க அத்தான்" என்றாள். நான் என் கையை எடுக்கத்தான் பார்த்தேன். எடுக்க வரவில்லை. உண்மையாகச் சொல்கிறேன், கை எழும்பவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏன் எண்ணினேன் என்று தெரியாது, பழக்கம். நாற்பத்துமூன்று வரை எண்ணினேன். அப்போது அவன் கை விழுந்தது. சாவி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"டே சங்கரலிங்கம்" என்றேன். திரும்பவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டேன்.

உலகம்மாள் தரையில் படுத்துக் கையை நீட்டிச் சாவியை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். எனக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றாள்.

"எடுத்துக்கிடுங்க அத்தான். இனிமே எங்களுக்கு முறை வேண்டாம். கார் பூராவும் உங்களுக்கே இருக்கட்டும்."

"பாதி அவனுக்குல்லா?" என்றேன்.

"அவுக இனிமே எத ஓட்டப் போறாக? எழுதித் தரணும்னாலும் தந்திருதேன். ஆஸ்பத்திரியில இருந்து நேரா தூத்துக்குடிக்கு, மக வீட்டுக்குப் போயிருவோம். வீட்டப் பூட்டிப் போட வேண்டியதுதான்."

இதோ, இந்தச் சாவி. ஸ்டூலிலிருந்து நானே எடுத்துக்கொண்டேன். கார் முழுதும் எனக்கு. முந்நூற்று அறுபத்தைந்து நாளும் எனக்கு. அப்பா இருந்திருந்தால்கூட இவ்வளவு கொடுத்திருக்கமாட்டார்.

பனவடலிசத்திரம் தாண்டிவிட்டதா? அப்படியென்றால் நீங்கள் எழுந்து முன்னால் போக வேண்டும். கூட்டம் ஏறியிருக்கிறது. இன்னும் ஒன்றுதான், சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரிப் படி வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனேன். உலகம்மாள் அவனுக்குக் கஞ்சி கரைத்துக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் நேராகப் பேசியதில்லை. இன்றைக்குப் பேசினேன். "கார் இருக்கட்டும்மா. முறை வேண்டாம். பத்து நாளைக்கு ஒருதடவ நான் தூத்துக்குடிக்கு வந்து அவனப் பாத்துட்டுப் போறேன். காலையில வந்துட்டு உடனே கிளம்பிருவேன். உக்காரக்கூட மாட்டேன்" என்றேன்.

"வேண்டாம் அத்தான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கஞ்சியைக் கலக்கிக்கொண்டே மெதுவாகத்தான் சொன்னாள். "நீங்க வந்தா அவுக மறுபடியும் கைய நீட்டுவாக."

சரி, பத்து நாள் என்பது நெருக்கம்தான் என்று எனக்கும் தோன்றியது. பிறகு எத்தனை நாள் கழித்து வரட்டும் என்று கேட்டேன்.

அவள் எண் எதுவும் சொல்லவில்லை.